வெள்ளக்கல்லில் நிற்கும் ரயில்

வெள்ளக்கல் தோட்டத்து ஆட்களுக்கு ரயில் ஒன்றும் புதிதல்ல. தெமோதர ஸ்டேசனைத் தாண்டி எல்ல ஊர்ப் பக்கமாக ஏறும் தண்டவாளம் அவர்கள் குடியிருக்கும் கீழ் லயத்து வீட்டு வரிசைக்கு அடியில்தான் வளைந்து போகிறது. பகல் ரயிலின் சத்தம் கேட்டால் உலை வைப்பார்கள், கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டுவார்கள். ஆனால் அந்த ரயிலில் ஏற வேண்டுமென்றால் சிலிப்பர் கட்டைகளை மிதித்துக்கொண்டு தெமோதர வரைக்கும் நடந்தாக வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து அது கண்ணுக்கு முன்னால் போனது. ஒரு நாளாவது நின்றதில்லை.

அந்தத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள் விஜயலெட்சுமி. அவள் புருஷன் தயாபரன் தேயிலைப் பெக்டரியில் ரோலர் ஓட்டியவன். இரும்பு மாதிரி உடம்பு, வாயைத் திறந்தால் நக்கல். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஐம்பது வயதாகும் முன்னமே இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால் உயிரோடு இருக்கலாம் என்றார் டாக்டர்.

மெஷினுக்கு யாரும் காசு கேட்கவில்லை. தாதிமாரும் தங்கமானவர்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. வழிதான் ஆளைக் கொன்றது. தோட்டத்து ரோட்டில் தார் இருந்த ஞாபகம் வயசானவர்களுக்கு மட்டும்தான். மழை நாளில் ஆட்டோக்காரர்கள் வர மாட்டார்கள். கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய், அங்கே பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். வளைவுக்கு வளைவு பஸ் ஆட்டுகிற ஆட்டத்தில் தயாபரனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். போகும்போதாவது பரவாயில்லை. மெஷினிலிருந்து எழுந்து திரும்பும்போது பிரஷர் இறங்கி, பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பான்.

ஒரு நாள் மாலை, நிற்க இடமில்லாத பஸ்ஸில் அவன் கால் மடங்கி விழுந்துவிட்டான். ஊசி போட்ட கையில் கட்டு நனைந்து சிவந்தது. "குடிச்சிட்டு ஏறிட்டு எங்க உசிர வாங்குறானுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். விஜயலெட்சுமி கத்தினாள், அழுதாள், யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். தயாபரன் தலையைத் தூக்காமலே வீடு வந்து சேர்ந்தான். அடுத்த ஆஸ்பத்திரித் தவணை நாள் விடிந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"சாகுறதா இருந்தா படுத்த எடத்துலயே சாகுறேன் விஜயா. ஊரு பாக்க நடு பஸ்ல வேணாம்."

அவள் கெஞ்சினாள். கோயில் மேல் சத்தியம் வைத்தாள். மகளைக் கொழும்பிலிருந்து போனில் பேச வைத்தாள். அவன் அசையவில்லை. அந்தத் தவணையும் போனது, அதற்கடுத்ததும் போனது. முகம் ஊதி, கால் ஊதி, படுத்தால் மூச்சு முட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டான்.

அந்த வாரம்தான் புது ரயில் ஓட ஆரம்பித்தது. அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்காகவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவும் விட்ட குட்டி ரயில். இரண்டே பெட்டி. ரயில் பஸ் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெரிய ரயில் நிற்காத இடங்களிலெல்லாம் இது நிற்கும் என்றார்கள். கீழ் லயத்துக்கு அடியில் பழைய கட்டைகளை அடுக்கி, மேலே சரளைக்கல் கொட்டி, ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தமிழில் எழுதினவர் ளகரத்தை விட்டு லகரம் போட்டிருந்தபடியால் பலகையில் 'வெல்லக்கல்' என்று இருந்தது.

அதை மனைவி வந்து சொன்னதும், "வெல்லமாம்ல" என்றான் தயாபரன், மூச்சு வாங்கிக்கொண்டே. பல நாள் கழித்து அவன் வாயில் வந்த முதல் கேலி அது.

விஜயலெட்சுமி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஒரே ஒரு தடவ. கீழ எறங்கி பாப்போம். முடியலன்னா திரும்பி வந்துருவோம். ஒங்கள நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

பிள்ளைக்கு உடுத்துவது போல அவனுக்கு உடுத்தி, அணைத்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். மூடுபனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு ரயில் வந்தது. நின்றது. கதவோரத்தில் விசிலோடு நின்ற இளவயசு ரயில் காட் குதித்து இறங்கி வந்து, தயாபரனுடைய கட்டுப் போட்ட கையைத் தொடாமல் மற்றக் கையைப் பிடித்தான். றோய் என்பது அவன் பெயர். தெமோதரப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான் என்பது பிறகு தெரிந்தது.

"பதறாம ஏறுங்க அண்ணே. ஒங்கள விட்டுட்டு ரயில் எங்கயும் போயிராது."

காலை நீட்டி உட்கார இடம் இருந்தது. கக்கூஸ் இருந்தது. தள்ளிவிட ஆள் இல்லை. தெமோதரச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து வெளியே வருவதற்குள் தயாபரன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் வைத வசையை இரண்டு பேரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். இன்னும் ஒரு தவணை தவறியிருந்தால் நான் பார்க்க ஆள் இருந்திருக்காது என்றார் அவர்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. காலை ரயிலில் தயாபரனுக்கென்று ஜன்னலோரத்து இடம் தானாகவே ஒதுங்கிவிட்டது. எல்லயில் ஏறி வந்திருப்பவள் ஜீவராணி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அவள் தன் பையை வைத்து அந்த இடத்தைக் காப்பாற்றுவாள். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஷுக்ரி, பண்டாரவளையிலிருந்து வரும்போது வாங்கிய பேப்பரைப் படித்து முடித்து அவனிடம் கொடுப்பார். சாயங்கால ரயில் அப்படியல்ல. பெட்டி காற்றாடும். சில நாட்களில் முன்பெட்டியில் அவர்கள் இருவரையும் றோயையும் தவிர ஆளே இருக்காது. அந்த வெறும் இருக்கைகளைப் பார்க்கையில் விஜயலெட்சுமிக்கு நன்றியோடு கூடவே ஒரு கூச்சமும் வரும். நம்ம ரெண்டு பேருக்காகவா இம்புட்டுப் பெரிய இரும்பு மலையேறுது என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் ஷுக்ரி பேப்பரைக் கொடுக்கும்போது முகம் சரியில்லை.

"ரயில நிப்பாட்டப் போறாங்களாம் தயாபரன். டிக்கெட் காசு டீசலுக்கே காணாதாம். கவர்மெண்டு கைக்காசு போட்டு எத்தன நாளைக்கு ஓட்டுறதுன்னு கேக்குறாங்க. பதுளையில கூட்டம் வைக்கிறாங்க, சனங்க வந்து பேசலாமாம்."

தயாபரன் பேப்பரை மடித்தான். "நட்டத்துல ஓடுதுன்னா நிப்பாட்டத்தானே வேணும். நானும் நட்டத்துலதான் ஓடுறேன். மெஷினு, மருந்து, ஊசி. நான் திருப்பிக் குடுத்தது என்ன?"

சிரிக்கத்தான் சொன்னான். ஷுக்ரி சிரிக்கவில்லை. விஜயலெட்சுமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

கூட்டம் நடந்தது ஒரு தவணை நாளில். அவனை மெஷினில் விட்டுவிட்டு, ஜீவராணியோடு அவள் அந்த மண்டபத்துக்கு நடந்தாள். மேடை என்று ஒன்றும் இல்லை. ஒரு மேசை, அதன் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் பர்ஹான் என்ற சின்ன வயசுக்காரர். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி விளக்கினார். ரயிலை நிறுத்த ஆசைப்பட்டு வரவில்லை என்றார். ஆனால் இந்தப் பணம் எல்லோருடைய பணம், இதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்பதையும் கேட்க வேண்டியது தன் வேலை என்றார். அவர் பேசியதில் அகங்காரம் இல்லை. அதுவே விஜயலெட்சுமிக்குப் பயமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் கோபப்படலாம்.

ரயிலில் வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். கை தட்டினார்கள். பிறகு பின் வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, ஒடிசலான உடம்பு.

"எம் பேரு சிங்கராயர். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துலருந்து வாறேன். எங்க பக்கம் ரயில் கெடையாது, வரப்போறதும் இல்ல. எங்க லயத்துக்கு வார ரோட்ட ரோடுன்னு சொல்லுறது பாவம். போன மழையில எம் மருமகளுக்கு வலி வந்துச்சு. வண்டி பாதியில பொதைஞ்சு போச்சு. நாங்க நாலு பேரு கம்பளியில போட்டு தூக்கிட்டு ஓடினோம். மருமக தப்பிட்டா. புள்ள தப்பல." அவர் மேசைக்குப் பின்னால் இருந்த மூவரையும் பார்த்தார். "ரயில்ல போறவங்க மேல எனக்குப் பொறாம இல்லங்க. ஆனா வருஷா வருஷம் இந்த ரயிலுக்குக் கொட்டுறதுல ஒரு பங்கு இருந்தா எங்க ரோட்டுக்குக் கொங்கிரீட்டு போட்டுறலாம். ஒரு தடவ போட்டா போதும். அதையும் ரோசிங்கன்னு சொல்ல வந்தேன்."

முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். "இந்தாளு ஏன் இங்க வந்து இதப் பேசுறாரு?" என்றது இன்னொரு குரல்.  கம்பளியில் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்படி என்று விஜயலெட்சுமிக்குத் தெரியும். அவள் தோட்டத்தில் அப்படித் தூக்கிப் போய்த் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வழி நெடுக மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த பேச்சு மைக்கைப் பிடித்ததும் காணாமல் போய்விட்டது.

"அண்ணன் சொன்னது சரிங்க" என்றாள்.  "ரயில் நிக்கிறதுக்கு முந்தி எங்களுக்கும் அதே கததான். ரயில நிப்பாட்டாதீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். ஆனா அவங்க ரோட்ட எடுத்து எங்களுக்கு ரயில் விடுங்கன்னு எனக்குக் கேக்க வாய் வரல. எதுக்கு எவ்வளவு செலவாகும்ங்கிறது எனக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதான். எம் புருஷன் சாகுறதுன்னு சுவரப் பாத்துப் படுத்தாரு. இந்த ரயில் வந்து நின்னுச்சு. இப்ப அவரு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நர்சம்மாவக் கேலி பண்ணிக்கிட்டு இருக்காரு."

எங்கோ சிரிப்பு எழுந்து அடங்கியது.

"இத யாரு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. கவர்மெண்டுன்னு சொல்லுறாங்க. அது ஒரு ஆளா இருந்தா வீட்டுக்குப் போயி கும்புட்டுருப்பேன். ஆள் இல்லாததுனால இங்க வந்தேன். நிப்பாட்டினாலும் சரி, ஓட்டினாலும் சரி, இந்த ரெண்டு வருஷத்துக்கு நல்லா இருப்பீங்க எல்லாரும். ரயில்ல ஏறாமலே அதுக்கு வரி கட்டினவங்களும்தான்." அவள் சிங்கராயர் இருந்த பக்கம் திரும்பினாள். "இந்த அண்ணனும்தான்."

பர்ஹான் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அம்மா, சாயங்கால ரயில்லயும் நீங்க போறீங்கதானே. அதுல சனம் எப்படி?"

ஜீவராணி பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். விஜயலெட்சுமிக்குப் புரிந்தது. ஆனால் அவ்வளவு பேருக்கும் நன்றி சொல்லி முடித்த வாயால் எப்படி அடுத்த வார்த்தையில் பொய் சொல்வது?

"சனம் இல்லீங்க" என்றாள். "சில நாள் நாங்க மட்டும்தான் போறோம்."

மண்டபம் கசமுசவென்று ஆனது. அவள் உட்கார்ந்ததும் ஜீவராணி காதோரம் குனிந்து, "என்னக்கா இப்பிடிக் கவுத்துட்டீங்க?" என்றாள். அழுகிற குரல்.

அப்போதுதான் ஷுக்ரி எழுந்தார். கை உயர்த்தவுமில்லை, பெயர் சொல்லவுமில்லை. "சாயங்காலம் எப்படிங்க சனம் வரும்? எங் கடையில வேல செய்யிற புள்ளைங்க காலையில அந்த ரயில்லதான் வருதுங்க. கடை சாத்த முந்தியே ரயில் போயிருது. அதுங்க பஸ்ல தொங்கிக்கிட்டுப் போகுதுங்க." ஆமாம், ஆமாம் என்று ஆங்காங்கே குரல் எழுந்தது. ஆஸ்பத்திரி வேலைக்காரர்களுக்கும் அதே பிரச்சினை என்றாள் ஜீவராணி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு தகப்பன் சிங்களத்தில் சொன்னார். பர்ஹான் ஒவ்வொருவரிடமும் திருப்பித் திருப்பிக் கேட்டார். கூட்டம் முடியும்போது எந்த முடிவும் சொல்லவில்லை. வந்ததற்கு நன்றி என்றார்.

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சிங்கராயர் கடையோரம் ஒதுங்கி நின்றிருந்தார். விஜயலெட்சுமியைக் கண்டதும் குடையை விரித்தார்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே தங்கச்சி? வாங்க, அந்த வழியாத்தான் நானும் போறேன்."

அவர் போகிற வழி அதுவல்ல என்பது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. இருவரும் ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்தார்கள்.

"நான் சொன்னத மாத்திக்க மாட்டேன்" என்றார் அவர். "எங்களுக்கு ரோடு வேணும். ஆனா ஒங்க பேச்சக் கேட்டதுலருந்து அந்த ரயிலும் ஓடணும்னுதான் இருக்கு. ரெண்டும் ஒரே மனசுல எப்பிடி நிக்குதுன்னு தெரியல."

"எனக்கும் அப்பிடித்தான் அண்ணே."

மெஷினிலிருந்து எழுந்த தயாபரன் அன்றைக்கு நிற்க முடியாமல் இருந்தான். சிங்கராயர் கேட்காமலே ஒரு பக்கம் தோள் கொடுத்தார். ஸ்டேசன் வரைக்கும் ஆட்டோவில் கூட வந்தார். மருமகளின் கதையைக் கேட்ட தயாபரன் வழக்கமான கேலி எதையும் எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். றோய் வந்து அவனைத் தாங்கி ஏற்றுவதைப் பிளாட்போரத்தில் நின்று பார்த்த சிங்கராயர், ரயில் அசைந்த பிறகும் போகாமல் நின்றார்.

அதன்பிறகு பல வாரங்கள் ஒரு செய்தியும் இல்லை. விஜயலெட்சுமி ஒவ்வொரு பயணத்தையும் கடைசிப் பயணமாகவே நினைத்துக்கொண்டு ஏறினாள். தான் சொன்ன ஒரு வார்த்தையால் இத்தனை பேருடைய ரயில் போய்விடுமோ என்று சோறு இறங்கவில்லை. தயாபரன்தான் தேற்றினான்.

"நீ பொய் சொல்லியிருந்தா இந்த சீட்டுல எனக்கு ஒக்காரவே கூசியிருக்கும். விடு."

முடிவு வந்தது. காலை ரயில் அப்படியே ஓடும். ஆளில்லாமல் போய் வந்த நடுப்பகல் ஓட்டம் நிற்கும். சாயங்கால ரயில் கடைகள் சாத்தி, வேலை விட்டபிறகு புறப்படும். இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ரோட்டுக்கும் அந்த வருஷமே கொங்கிரீட் போட ஆரம்பித்தார்கள். அது கூட்டத்தில் பேசியதால் வந்ததா, முன்னமே எழுதி வைத்ததா, யாருக்கும் தெரியாது. லயம் வரைக்கும் வரவில்லை, பாதியோடு நிற்கிறது. மிச்சத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறேன் என்று சிங்கராயர் போனில் சொன்னார். பாதி ரோடாவது இருக்கிறதே என்று அவர் சொன்ன குரலில் சந்தோஷம் தெரிந்தது. மருமகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம். விஜயலெட்சுமி அன்றைக்கு இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து விளக்கேற்றினாள்.

ரயில் பிந்திப் போனதில் அவர்களுக்குத்தான் சிரமம். மெஷினிலிருந்து எழுந்த பிறகு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். றோய் ஸ்டேசன் மாஸ்டரிடம் பேசி, உள் அறையில் நீளமான பெஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தான். தயாபரன் அதில் படுத்துக் கிடப்பான். டவுனுக்கு வரும் நாட்களில் சிங்கராயர் எட்டிப் பார்ப்பார். ஒரு தடவை பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். சிறுநீரகக்காரன் அதைத் தொடக்கூடாது. தயாபரன் ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்து ஆசை தீர மோந்துவிட்டு, "புண்ணியம் அண்ணே, வாசத்துக்கு டாக்டர் தடை போடல" என்றான். மிச்சத்தை ரயிலில் கடைப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் தீர்த்தார்கள்.

ஆமாம், இப்போது சாயங்கால ரயிலில் அவ்வளவு சனம். ஷுக்ரி கடைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்காரர்கள், புத்தகப் பைகள், மரக்கறிக் கூடைகள். சிரிப்பும் சத்தமும் காதைப் பிளக்கும். வெறும் பெட்டியில் கூசி உட்கார்ந்த நாட்களை நினைத்தால் விஜயலெட்சுமிக்கு இந்த நெரிசல் திருவிழா மாதிரி இருந்தது. ஏறியவுடனே யாராவது ஒருத்தி எழுந்து, "மாமா, இங்க ஒக்காருங்க" என்பாள்.

வெள்ளக்கல்லுக்கு வரும்போது இப்போதெல்லாம் இருட்டிவிடும். அந்தத் தரிப்பிடத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை. முதல் நாள், றோயுடைய டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டையாகத் தடவி இறங்கினார்கள். அடுத்த தடவை, ஷுக்ரி கடையில் வேலை செய்யும் ஸனா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போன் வெளிச்சத்தைக் காட்டினாள். அதைப் பார்த்து அடுத்த ஜன்னல், அதற்கடுத்த ஜன்னல். இரண்டு பெட்டியிலிருந்தும் வெளிச்சம் விழுந்து, சரளைக்கல்லும் புல்லும் மேலே ஏறும் படிகளும் பகல் மாதிரித் தெரிந்தன. அவர்கள் முதல் வளைவு ஏறுகிற வரைக்கும் றோய் விசில் ஊதவில்லை.

ரயில் போன பிறகு தயாபரன் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"இதுக்கெல்லாம் என்னத்த விஜயா திருப்பிக் குடுக்கப்போறோம்?"

"ஒன்னும் முடியாதுங்க" என்றாள் அவள். "அடுத்த தவணைக்கும் வருவோம். எந்திரிங்க, போயி கஞ்சி வைக்கணும்."

அவன் எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். இருவரும் லயத்துக்கு ஏறினார்கள்.